கையால் தைத்தது

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஆனால் ஷூ நடுவீட்டில் இருக்கும். டிவிக்கும் அரிசி மூட்டைக்கும் இடையில், கோணிப்பைக்குள், சில நாள் பாய் மேலேயே. பள்ளிக்கூடக் காலம் முழுக்க நான் அந்த மூட்டையில் சாய்ந்துதான் படித்தேன். பரீட்சைக்கு முந்தின இரவுகளை நினைத்தால் இப்போதும் மூக்கில் ஏறுவது புதுத் தோலின் வாசம்தான்.

அது முழு ஷூ இல்லை. அடிப்பாகம் வைக்காத மேல் பாகம் மட்டும். ஆம்பூர் பக்கம் எல்லோரும் அதை அப்பர் என்றுதான் சொல்வார்கள். கம்பெனியில் தோலை வெட்டி, ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டு, ஜோடி ஜோடியாகக் கட்டி ஏஜென்ட்டிடம் கொடுப்பார்கள். அவர் டிவிஎஸ் எக்ஸெல்லில் முன்னாலும் பின்னாலும் மூட்டை வைத்துக்கொண்டு தெருத் தெருவாக வந்து இறக்குவார். பாதத்துக்கு மேலே வரும் துண்டையும் சுற்றிவரும் துண்டையும் சேர்த்து, துளைக்குத் துளை ஊசி கோத்து, இழுத்துத் தைப்பது பெண்கள் வேலை. தைத்து முடித்தால் ஷூவின் முன்பக்கத்தில் ப வடிவில் ஒரு வரப்பு எழும். லோஃபர், மொக்கசின் என்று கடையில் விற்கிறார்களே, அதன் முகமே அந்த வரப்புதான்.

அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து தைப்பாள். ஆட்காட்டி விரலிலும் சுண்டு விரலிலும் சைக்கிள் ட்யூப்பை வெட்டிய வளையம். மெழுகு பூசிய தடித்த நூல். வெறும் விரலால் இழுத்தால் ரெண்டாவது ஜோடியிலேயே விரலை அறுத்துவிடும். இழுப்பில்தான் எல்லாமே இருக்கிறது. கொஞ்சம் தளர்ந்தால் வரப்பு படுத்துவிடும். கொஞ்சம் இறுக்கினால் தோல் சுருங்கும். இன்னும் இறுக்கினால் துளை கிழிந்து, அந்தத் தோலின் காசு அம்மா கணக்கில் கழியும். ஒவ்வொரு தையலுக்கும் சர்ரென்று ஒரு சத்தம் வரும். ராத்திரியில் அந்தச் சத்தம் நின்றால், அம்மா உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள் என்று அர்த்தம்.

நான் பத்தாவது படித்தபோது ஜோடிக்கு 4 ரூபாய். இப்போது 14. டிசைனைப் பொறுத்து ஒன்றிரண்டு ரூபாய் ஏறும், இறங்கும். சமையல், தண்ணீர், ரேஷன் கடை எல்லாம் போக ஒரு நாளைக்கு 10 ஜோடி முடித்தால் பெரிய விஷயம். ஆக 140 ரூபாய். நூறு நாள் வேலைக்கு 2025-26ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக்கு அறிவித்த தினக்கூலியே 336 ரூபாய். அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னால், "அதுக்கு வெயில்ல நிக்கணுமே" என்பாள். கூலி கம்மியாக இருப்பதற்கு நிழலும் ஒரு காரணம் என்று அவளாகவே ஒரு நியாயம் வைத்திருக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் சென்னையில் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். ரெண்டு வருஷம் முன்பு எங்கள் மேனேஜர் ஓய்வு பெற்றார். ஆளுக்கு ஆயிரம் போட்டு நல்லதாக ஒரு ஷூ வாங்கிக் கொடுக்கலாம் என்று முடிவானது. "நீதான் ஆம்பூர்க்காரனாச்சே, நீ போய்ப் பாரு" என்று வேலையை என் தலையில் கட்டினார்கள். ஊர்க்காரனுக்கு ஷூ தெரியும் என்று ஒரு நம்பிக்கை. எனக்குத் தெரிந்தது பாதி ஷூ மட்டும் என்று அவர்களுக்குத் தெரியாது.

மாலில் அந்தக் கடைக்குள் போனால் ஏசியும், மஞ்சள் வெளிச்சமும், ஒவ்வொரு ஷூவுக்கும் தனித்தனியாக ஒரு மாடமும். கோயிலில் பரிவார தேவதைகள் மாதிரி நிறுத்தியிருந்தார்கள். பழுப்பு நிற லோஃபர் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். 18,990 ரூபாய். கடைப் பையன் பக்கத்தில் வந்து, "ஃபுல் ஹேண்ட் ஸ்டிச் சார். மெஷினே கிடையாது. ஒவ்வொரு தையலும் கையாலதான், அதான் இந்த ரேட்" என்றான். பிறகு, "மோந்து பாருங்க சார், ஜெனுவின் லெதர்" என்று மூக்கருகே நீட்டினான்.

மோந்து பார்த்தேன். எங்கள் நடுவீடு.

வரப்பில் இருந்த தையலை எண்ண ஆரம்பித்தேன். பழக்கதோஷம். "இது எங்க ஊர்ல தெக்கிறதுதான்" என்று வாயைத் திறந்துவிட்டேன். அவன் நான் பேரம் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். "டிஸ்கவுண்ட் இப்ப இல்ல சார், ஆடிக்கு வாங்க" என்றான். நல்ல பையன். அவனுக்கும் அந்த ஷூவை வாங்க ஒரு மாசச் சம்பளம் பத்தாது என்றுதான் நினைக்கிறேன்.

பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டேன். நான் செய்யும் வேலையே அதுதானே. 18,990-இல் தையல் கூலி 14 என்றால், 100 ரூபாய்க்கு 7 பைசாவுக்கு மேல் கொஞ்சம். தோலுக்கு, சோலுக்கு, கம்பெனிக்கு, கப்பலுக்கு, வரிக்கு, கடை வாடகைக்கு, விளம்பரத்துக்கு எல்லாம் பங்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். எனக்கு உறுத்தியது அந்தப் பையன் சொன்ன காரணம். கையால் தைத்தது, அதனால்தான் விலை என்றான். அதே 'கையால்' என்ற சொல்தான் எங்கள் தெருவில் கூலி குறைவாக இருப்பதற்கும் காரணம். கம்பெனிக்குள் மெஷினில் உட்காரும் பெண்ணுக்கு மாதச் சம்பளம், பிஎஃப், ஈஎஸ்ஐ, பண்டிகைக்கு போனஸ் எல்லாம் உண்டு. கையால் தைப்பவளுக்கு எதுவும் கிடையாது. ஏனென்றால் அவள் வீட்டில் இருக்கிறாள். வீட்டில் இருப்பவள் வேலை செய்கிறவள் இல்லை. சும்மா இருக்கிற நேரத்தில் நாலு ஜோடி தைக்கிறவள். மெஷின் தையலைவிடக் கைத்தையல் அங்கே ஒசத்தி, இங்கே மட்டம். எந்த இடத்தில் இது தலைகீழாகத் திரும்புகிறது என்பதைத்தான் இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் இருந்தபடி கூலிக்கு உழைப்பவர்களும் தொழிலாளர்களே, மற்றவர்களுக்குள்ள உரிமை அவர்களுக்கும் வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இலேயே ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தது. 177-ஆவது ஒப்பந்தம். இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை. 2016-இல் பிரிட்டனைச் சேர்ந்த தொழிலாளர் நல அமைப்புகள் ஆம்பூர்ப் பக்கத்துப் பெண்களிடம் பேசி ஓர் அறிக்கை வெளியிட்டன. ஜோடிக்கு 10 பென்ஸ்கூடக் கிடைப்பதில்லை என்று அதில் இருந்தது. அன்றைய மதிப்பில் பத்து ரூபாய்க்குக் கீழே. அந்த அறிக்கையைப் படித்தபோது எனக்கு வந்த முதல் உணர்ச்சி கோபம் இல்லை, வெட்கம். அம்மாவின் கூலியைப் பிரிட்டனில் அச்சடித்துவிட்டார்களே என்ற வெட்கம்.

வாசனை பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்தார். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை எடுத்து முடி வழிக்கிற பிரிவு. சாயங்காலம் டவுன் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டில் இருப்பவர் எழுந்து முன்னால் போய் நின்றுகொள்வார். அப்பாவும் அதைப் பழகி, ஏறியதுமே பின் படிக்கட்டில் நின்றுகொள்வார். தோல் வேலைக்கு யார் போனார்கள், யார் போகவில்லை, ஏன் போகவில்லை என்பதெல்லாம் நம் ஊரில் விளக்க வேண்டிய விஷயமா என்ன? பச்சைத் தோலும் பதனிட்ட தோலும் ஒரே வாசம் அடிக்காது, உண்மைதான். ஆனால் ஒன்று மற்றதிலிருந்துதான் வருகிறது. பஸ்ஸில் நாற்றமாக இருந்தது, மாலில் மூக்கருகே நீட்டும் வாசனையாக மாறுவதற்கு நடுவில் அப்பாவின் முப்பது வருஷம் இருக்கிறது.

1996 டிசம்பர் எனக்கு மங்கலாக ஞாபகம் இருக்கிறது. போயஸ் தோட்டத்தில் சோதனை நடந்து, டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். தெருவில் டிவி இருந்தது ஒரே வீட்டில். பத்தாயிரத்துக்கும் மேல் புடவை என்றபோது பெண்கள் வாயைப் பிளந்தார்கள். 750 ஜோடி காலணி என்றபோது பின்னால் இருந்து ஒரு சித்தி, "அவ்ளோதானா? முப்பது மூட்டை. பத்துப் பொம்பளைங்க உக்காந்தா ஒரு வாரம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கிண்டல் செய்யவில்லை. அவருக்குத் தெரிந்த அளவுகோல் அதுதான்.

பிலிப்பைன்ஸில் அதிபரின் மனைவியாக இருந்த இமெல்டா மார்கோஸின் ஷூக்கள் இதைவிடப் பெரிய கதை. 1986-இல் மார்கோஸ் குடும்பம் மாளிகையை விட்டு ஓடியபோது உள்ளே போன மக்கள் பார்த்தது ஆயிரக்கணக்கான ஜோடிகளை. பிறகு அதில் ஒரு பகுதி மரிகினா என்ற ஊரில் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. 2001-இல் அதைத் திறந்து வைத்தவரும் அதே இமெல்டாதான். மரிகினா என்ன ஊர் தெரியுமா? பிலிப்பைன்ஸின் ஷூ தைக்கிற ஊர். அவர்களுடைய ஆம்பூர். ஷூ தைக்கிற ஊருக்கே காட்சிப் பொருளாக வந்த ஷூக்கள்! ஊர்க்காரர்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்திருப்பார்கள்.

எண்ணிக்கையில் தெரிகிற ஆடம்பரம் பழைய ஆடம்பரம் என்று நினைக்கிறேன். 750, 3000 என்றால் உடனே கண்ணில் குத்தும். இப்போதைய ஆடம்பரம் ஒரே ஜோடியில், ஒரே பையில் அடங்கிவிடுகிறது. கூட்டத்தில் பக்கத்தில் நின்றால்கூடத் தெரியாது.

பை என்றதும் மிலன் வழக்கு. இது நம் ஊர்க் கதை இல்லை, இத்தாலிக் கதை. இருந்தாலும் படித்தபோது எங்கள் தெருவை யாரோ அங்கே பெயர்த்து வைத்த மாதிரி இருந்தது. 2024 ஜூனில் மிலன் நீதிமன்றம் டியோர் என்ற பிரெஞ்சு ஆடம்பர நிறுவனத்தின் இத்தாலி உற்பத்திப் பிரிவு ஒன்றை ஓராண்டுக்கு நீதிமன்ற நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தது. டியோர் வேலையை ஓர் ஒப்பந்ததாரருக்குக் கொடுக்கும், அவர் இன்னொருவருக்குக் கொடுப்பார். கடைசியில் அது மிலனைச் சுற்றியுள்ள, சீனர்கள் நடத்தும் சின்னப் பட்டறைகளில் போய் நிற்கும். போலீஸ் உள்ளே போனபோது தொழிலாளர்கள் பட்டறையிலேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சிலருக்குக் குடியேற்ற ஆவணமே இல்லை. வேகமாக ஓட்டுவதற்காக மெஷின்களிலிருந்து பாதுகாப்புக் கருவிகளைக் கழற்றி வைத்திருந்தார்கள். ராத்திரியும் விடுமுறை நாளும் வேலை நடந்ததை எதை வைத்துக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? கரண்ட் பில்லை வைத்து. இத்தாலியப் போலீசில் யாரோ ஒரு கணக்குப்பிள்ளை இருந்திருக்கிறார், வாழ்க.

அந்த விசாரணையில் வெளிவந்த ஒரு தொகை உலகம் முழுக்கச் சுற்றியது. கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற ஒரு பைக்கு, தோல் முதலிய பொருள் செலவு நீங்கலாக, செய்து கொடுத்தவருக்குப் போனது 53 யூரோ. அன்றைய மதிப்பில் சுமார் 4,800 ரூபாய். பையின் விலை 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல். நிறுவனம் இந்தத் தொகையை மறுத்தது. டியோர் மீது குற்ற வழக்கும் இல்லை. கீழே நடப்பதைக் கண்காணிக்கத் தவறியது என்பதே நீதிமன்றம் சொன்னது. 2025 பிப்ரவரியில், ஓராண்டு முடியும் முன்பே, அந்த நிர்வாகம் விலக்கிக்கொள்ளப்பட்டது. டியோரை வைத்திருக்கும் எல்விஎம்ஹெச் குழுமத்தின் தலைவர் பெர்னார் ஆர்னோ 2024-இல் ஃபோர்ப்ஸ் பட்டியலில் உலகின் முதல் பணக்காரர், 23,300 கோடி டாலர். டியோருக்கு ரெண்டு மாதம் முன்பு அர்மானி குழுமத்தின் ஒரு நிறுவனம், அடுத்த ஆண்டு லோரோ பியானா என்று மிலனில் இப்படி வழக்குகள் வரிசையாக வந்தன.

எனக்கு இதில் சுவாரசியமாகப்பட்டது ஏஜென்ட்தான். எங்கள் தெருவில் டிவிஎஸ் எக்ஸெல்லில் வருகிறவருக்கும் மிலன் ஒப்பந்ததாரருக்கும் வேலை ஒன்றே. மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவரின் முகம் தெரியாமல் பார்த்துக்கொள்வது. எங்கள் ஏஜென்ட் கெட்டவர் இல்லை. அம்மாவுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார், அப்பா இறந்தபோது முதல் ஆளாக வந்து நின்றார். ஆனால் எந்தக் கம்பெனி, எந்த பிராண்ட் என்று கேட்டால் மட்டும், "உனுக்கு எதுக்குமா அது" என்பார். அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். இங்கிருந்து அப்பராகவே போய், ஐரோப்பாவில் எங்கோ சோல் ஒட்டி, அந்த நாட்டுப் பெயரோடு கடைக்குப் போகும் ஷூக்களும் உண்டு. அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது?

2025 ஜூனில் பிராடா விவகாரம் வந்தபோது எங்கள் அலுவலகத்தில்கூடப் பேசினார்கள். மிலனில் நடந்த ஆண்கள் ஆடைக் காட்சியில் இத்தாலிய ஆடம்பர நிறுவனமான பிராடா ஒரு செருப்பைக் காட்டியது. பார்த்தவுடன் சொல்லிவிடலாம், கோலாப்பூர்ச் செருப்பு. அதை வெறும் 'தோல் செருப்பு' என்று போட்டிருந்தார்கள். மகாராஷ்டிராவிலும் கர்நாடகத்திலுமாக எட்டு மாவட்டங்களுக்கு அந்தச் செருப்புக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. எதிர்ப்பு கிளம்பியது, பிராடா இந்தியக் கைவினையிலிருந்து வந்ததே என்று ஒத்துக்கொண்டது, ஆட்கள் கோலாப்பூருக்கு வந்து பார்த்தார்கள். டிசம்பரில் ஒரு முடிவும் வந்தது. இந்தியாவிலேயே 2,000 ஜோடி செய்து, ஜோடி சுமார் 800 யூரோவுக்கு விற்கப்போவதாகச் சொன்னார்கள். நம் காசில் 80,000 ரூபாய்க்கு மேல்.

எல்லோரும் இதை வெற்றி என்றார்கள். இருக்கலாம். பெயர் போட்டுக்கொள்வது சின்ன விஷயம் இல்லை. ஆனால் நான் படித்த செய்திகளில் எல்லாம் விலை இருந்தது, எண்ணிக்கை இருந்தது, ஒப்பந்தம் போட்ட அரசு நிறுவனங்களின் பெயர் இருந்தது. தைப்பவருக்கு ஜோடிக்கு எவ்வளவு என்பது மட்டும் என் கண்ணில் படவே இல்லை. கணக்கு எழுதுகிறவன் முதலில் தேடுகிற வரி அதுதான்.

இந்த இடத்தில் என் நண்பன் ஒருவன் எப்போதும் குறுக்கே வருவான். "அந்தப் பதினெட்டாயிரத்த வாங்குறவன் இல்லன்னா உங்கம்மாவுக்கு அந்தப் பதினாலும் இல்லடா" என்பான். அவன் சொல்வதை ஒரேயடியாகத் தள்ள முடியாது. என் கல்லூரி ஃபீஸில் முக்கால்வாசி அந்த அப்பர்தான். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது, அந்த உண்மை எங்கள் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. செப்டம்பரில் மூட்டை பாதியானது. அக்டோபரில் மூன்று வாரம் வரவே இல்லை. கம்பெனிக்குள் இருந்தவர்களுக்கு ஷிஃப்ட் குறைத்தார்கள், அறிவிப்பு ஒட்டினார்கள். எங்கள் தெருவுக்கு அறிவிப்பு எதுவும் இல்லை. வண்டிச் சத்தம் கேட்கவில்லை, அவ்வளவுதான். அம்மா முதல் வாரம் வீட்டைக் கழுவி ஒட்டடை அடித்தாள். ரெண்டாவது வாரம் சும்மா உட்கார்ந்து விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் நண்பனின் வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. வாங்குகிறவன் கொடுப்பது 14 ரூபாய் இல்லை, 18,990. அம்மாவுக்கு 14-க்குப் பதில் 100 போனாலும் அவன் கவனிக்கப்போவதில்லை. 18,990 என்பது 19,076 ஆகும், அவ்வளவே. விலை ஏறினால் வாங்க மாட்டான் என்ற பயம் ரேஷன் அரிசிக்குப் பொருந்தும். ஆடம்பரப் பொருளை விலைக்காகவே வாங்குகிறார்கள். அப்படியிருந்தும் அந்த 86 ரூபாய் கீழே வருவதில்லை என்றால், அது யாருக்கும் கட்டுப்படியாகாததால் இல்லை. கேட்க ஆள் இல்லாததால்.

உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024 மார்ச்சில் இந்தியாவைப் பற்றி ஒரு கணக்கு வெளியிட்டது. 2022-23இல் நாட்டின் வருமானத்தில் 22.6 சதவீதமும் சொத்தில் 40.1 சதவீதமும் மேலே இருக்கும் ஒரு சதவீதத்தினரிடம் இருக்கிறது என்றது. ஆங்கிலேயர் காலத்துக் கணக்கைவிட வருமானத்தில் இது கூடுதல். இந்த எண்ணைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம். எனக்கு இது மூட்டைக் கணக்காகத்தான் புரியும். நூறு வீட்டுத் தெரு, வந்தது நூறு மூட்டை, அதில் நாற்பது ஒரே வீட்டில்.

தண்ணீரை விட்டுவிட்டால் இந்தக் கணக்கு முடியாது. ஒரு காலத்தில் எங்கள் பக்கம் தோலை ஆவாரம் பட்டையில்தான் பதனிட்டார்கள். தாத்தா கோடையில் ஆவாரம் பட்டை வெட்டிக்கொண்டு போய் மண்டியில் போடுவாராம். அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு எழுபதுகளில் அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. முழுதாக முடித்த தோலும் ஷூவும் போகட்டும், வேலைவாய்ப்பு பெருகட்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். அதோடு குரோமிய உப்பில் பதனிடும் முறையும் பெருகியது, கழிவும் பெருகியது. எல்லாம் பாலாற்றில் போய்ச் சேர்ந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ கெட்டுப்போனது, ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றெல்லாம் அதில் இருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் இந்த வழக்கை வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம் அதே பாலாறு பற்றி மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது.

அதற்குச் சரியாகப் பத்து வருஷம் முன்பு, 2015 ஜனவரி 31 விடியும் முன்பு, ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் படுத்திருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். வேலை செய்த இடத்திலேயே தூங்கியவர்கள், மிலன் பட்டறையில் இருந்தவர்கள் போல.

எங்கள் வீட்டுக் கிணற்று நீரைப் பாத்திரம் கழுவக்கூட அம்மா எடுப்பதில்லை. குடிக்கக் கேன் தண்ணீர். ஒரு கேன் 35 ரூபாய். ரெண்டரை ஜோடி.

போன தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது நெடுஞ்சாலை ஓரத்தில் ரிஜெக்ட் கடை ஒன்றில் நுழைந்தேன். ஆம்பூரில் பிரியாணிக் கடைக்கு அடுத்தபடி அதிகம் இருப்பது அதுதான். ஏற்றுமதிக்குத் தேறாமல் கழித்த ஷூக்கள். உள்ளே பிராண்ட் பெயரைச் சுரண்டியோ கறுப்பு மையடித்தோ வைத்திருப்பார்கள். மாலில் பார்த்த அதே மாதிரிப் பழுப்பு லோஃபர் ஒன்று, குவியலின் நடுவில், இடது காலும் வலது காலும் சணல் கயிற்றில் கட்டி. 700 ரூபாய். அதே தோல், அதே வரப்பு, அதே வாசம். பெயர் இருந்த இடத்தில் மட்டும் நகத்தால் கீறிய மாதிரி ஒரு தழும்பு. 18,000 ரூபாய்க்கு மேல் அந்தத் தழும்பில்தான் இருந்திருக்கிறது. கடைக்காரர் 650-க்கு இறங்கினார்.

வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்து, "இது மெட்ராஸ்ல எவ்ளோ தெரியுமா?" என்றேன்.

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இலவச முகாமில் கொடுத்த கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். ஷூவை வெளிச்சத்துக்குக் காட்டி, உள்ளே விரலை விட்டு முடிச்சைத் தடவினாள்.

"இது நம்ம தெரு இல்ல. ஆத்துக்கு அந்தாண்ட பொம்பளைங்க. அவங்கதான் முடிச்ச உள்பக்கமா விடுவாங்க" என்றாள். பிறகு வரப்பின் வளைவில் ஓர் இடத்தைக் கட்டை விரலால் அழுத்தினாள். "இந்தா, இங்க பாரு. மூணு தையல் தளந்து கீது. லைட்டு பத்தாம தெச்சிருக்கா. யார் கணக்குல கழிச்சானுங்களோ, பாவம்."

நான் மாலில் பார்த்த விலையை இன்னொரு தரம் சொன்னேன். "ம்" என்றாள். ட்யூப் வளையத்தை விரலில் மாட்டிக்கொண்டு, மூட்டைப் பக்கத்தில் கிடந்த நூலில் கொஞ்சம் அறுத்து ஊசியில் கோத்தாள். தளர்ந்த இடத்தை மட்டும் பிரித்து, மூன்று தையலையும் புதிதாகப் போட்டாள். சர். சர். சர். பல்லால் நூலைக் கடித்துவிட்டு ஷூவை என் பக்கம் தள்ளினாள்.

"இப்ப போட்டுக்கோ" என்றாள். "அந்த லைட்ட இந்தாண்ட இழு. நாலு ஜோடி பாக்கி கீது, காலைல அவரு வந்துடுவாரு."